உயர்கல்வி: எதைவிட உயர்வு?

தமிழில் ‘தான்’ என்று ஒரு சின்னச் சொல் இருக்கிறது. அழுத்தம் கொடுக்க வரும் என்று பள்ளியில் படித்தோம். அது குரலைத் தாழ்த்தவும் வரும் என்பதைக் கல்யாண வீட்டுப் பந்தியில்தான் கற்றுக்கொள்கிறோம். “தம்பி என்ன படிச்சிருக்காப்ல?” “ஐடிஐதாங்க.” “பொண்ணு?” “டிப்ளமோதான்.” “பாலிடெக்னிக்தான்.” “சும்மா ஆர்ட்ஸ் காலேஜ்தான்.” எம்.பி.பி.எஸ். படித்தவர் யாரும் இந்தத் ‘தான்’ போட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தக் கூச்சம் படித்தவரின் குணத்தில் இருந்து வருவதில்லை. அவர் என்ன படித்தார், எவ்வளவு படித்தார் என்பதிலிருந்தும் வருவதில்லை. பள்ளிக்குப் பிறகு வரும் படிப்பு அத்தனைக்கும் சேர்த்து நாம் வைத்திருக்கிற பெயரிலிருந்து வருகிறது. ‘உயர்கல்வி’. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஒரு பெயர் அல்ல, ஒரு தீர்ப்பு. உயர்ந்தது என்று ஒன்றைச் சொன்னால் தாழ்ந்தது எது என்று யாராவது கேட்டே தீருவார்கள். கேட்காவிட்டாலும் பதில் தயாராக இருக்கும். அந்தப் பதிலைத்தான் நம்ம பசங்க ‘தான்’ போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பள்ளிக்குப் பிந்தைய படிப்பின் பொதுப்பெயராக ‘உயர்கல்வி’ இருக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. “ஒரு வார்த்தைக்காகவா இவ்வளவு?” என்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

*

முதலில் நம் ஊர் மாடிப்படியைப் பாருங்கள். பத்தாம் வகுப்பு வரை இருப்பது உயர்நிலைப் பள்ளி. பன்னிரண்டு வரை இருப்பது மேல்நிலைப் பள்ளி. அதற்கு அடுத்தது உயர்கல்வி. அதாவது உயர்ந்து, மேலே போய், மறுபடியும் உயர வேண்டும். ‘உயர்’ பெரிதா, ‘மேல்’ பெரிதா என்று யாருக்கும் தெரியாது. ஆங்கிலத்தில் வரிசையாக இருந்த பெயர்களை அவசரத்துக்கு மொழிபெயர்த்தபோது கையில் கிடைத்த உயரச் சொற்களை எல்லாம் செலவழித்துவிட்டோம். படிப்பின் எந்தக் கட்டத்துக்குப் பெயர் வைத்தாலும் உயரத்தைக் கொண்டுதான் வைப்பது என்று பழகிவிட்டது.

சரி, அந்த உயரமாவது நிலையாக இருக்கிறதா? தமிழ்நாட்டில் 1978ல் மேல்நிலைக் கல்வி வந்தது. அதற்கு முன்னால் பதினோரு வருடம் பள்ளியில் படித்து எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள் கல்லூரிக்குப் போய் ஒரு வருடம் புகுமுக வகுப்பு படித்தார்கள். பி.யூ.சி. என்று நம் தாத்தாக்கள் பெருமையாகச் சொல்வார்களே, அதுதான். பி.யூ.சி. படித்த பையன் கல்லூரி மாணவன். கல்லூரி விடுதியில் தங்கினான், கல்லூரித் தேர்தலில் நின்றான். சில வருடங்கள் கழித்து அதே வயதில், கிட்டத்தட்ட அதே பாடங்களைப் படித்த அவனுடைய தம்பி பிளஸ் டூ மாணவன். சீருடை போட்டுக்கொண்டு பிரேயரில் நின்றான். இயற்பியலோ வேதியியலோ இதில் தாழ்ந்துவிடவில்லை. கோட்டைத் தள்ளிப் போட்டார்கள், அவ்வளவுதான்.

பள்ளி எங்கே முடிகிறது, அதற்கு மேல் எது என்பதை அறிவு தீர்மானிப்பதில்லை, நிர்வாகம் தீர்மானிக்கிறது. அதில் தப்பில்லை, எங்காவது கோடு போட்டுத்தானே ஆக வேண்டும். ஆனால் நிர்வாக வசதிக்குப் போட்ட கோட்டுக்கு ‘உயர்’ என்று பெயர் வைத்தால், அது நாளடைவில் மனிதர்களுக்கு நடுவிலான கோடாகிவிடுகிறது.

*

இன்று அந்தக் கோடு எங்கே இருக்கிறது? ஒன்றிய அரசு 2010-11 முதல் அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு என்று ஒன்றை நடத்துகிறது. தமிழ்நாடு உயர்கல்வியில் முன்னணி என்று மேடைகளில் பேசப்படும்போது வரும் எண்கள் இதிலிருந்து எடுத்தவைதான். 2021-22 கணக்கில் 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகையை வைத்துப் பார்த்தால் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47, இந்திய அளவில் 28.4. உண்மையிலேயே பெரிய சாதனை. பல தலைமுறைகளின் அரசியலும் உழைப்பும் அதன் பின்னால் இருக்கின்றன. அதை நான் குறைக்க வரவில்லை.

ஆனால் அந்த 47க்குள் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கணக்கெடுப்பு உயர்கல்விக்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு குறைந்தது ஒன்பது மாதப் படிப்பு, அல்லது பத்தாம் வகுப்புக்குப் பிறகு குறைந்தது மூன்று வருடப் படிப்பு. இந்த இரண்டாவது வரியால் பாலிடெக்னிக் உள்ளே வந்துவிடுகிறது. நல்லது. பத்தாவது முடித்துவிட்டு டிப்ளமோ முதல் வருடத்தில் உட்கார்ந்திருக்கும் பதினைந்து, பதினாறு வயதுப் பையன் உயர்கல்வி மாணவன். அவனோடு ஒரே பெஞ்சில் பத்தாவது எழுதிய இன்னொருவன் ஐடிஐயில் ஃபிட்டர் சேருகிறான். ஃபிட்டருக்கு இரண்டு வருடம். வரையறை மூன்று வருடம் கேட்கிறது. அவன் வெளியே. கணக்கெடுப்பாளர்கள் பல்கலைக்கழகம், கல்லூரி, பாலிடெக்னிக், செவிலியர் பள்ளி, ஆசிரியர் பயிற்சி நிறுவனம் என்று எல்லா வாசலுக்கும் போகிறார்கள். ஐடிஐ வாசலுக்குப் போவதில்லை.

அந்த ஃபிட்டர் பையன் பள்ளியிலும் இல்லை. பள்ளிக் கணக்கில் அவன் பத்தாவதோடு வெளியேறியவன். உயர்கல்விக் கணக்கில் அவன் வரவே இல்லை. தினமும் காலையில் கிளம்பிப் போய் வெர்னியர் காலிப்பரில் அளவெடுக்கிறான், வரைபடம் படிக்கிறான், அகில இந்தியத் தேர்வு எழுதித் தேசியத் தொழிற்சான்றிதழ் வாங்குகிறான். ஆனால் கல்வி என்ற சொல்லின் எந்த அறையிலும் அவனுக்கு ஒரு நாற்காலி இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு வருட ஐடிஐ முடித்த அதே பையன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதாவது டிப்ளமோவின் முதல் வருடத்தில் கற்க வேண்டியதை அவன் ஐடிஐயிலேயே கற்றுவிட்டான் என்று கல்வித் துறையே ஒப்புக்கொள்கிறது. அப்படியானால் அவன் ஐடிஐயில் படித்தபோது படித்தது என்ன? பாலிடெக்னிக் வாசலைத் தாண்டிய நிமிடத்தில் அது முன்தேதியிட்டு உயர்ந்துவிட்டதா?

இன்னொன்று. 2022 செப்டம்பர் 5 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் முழுப்பெயர் ‘மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம்’. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் மேற்கொண்டு படித்தால் மாதம் 1,000 ரூபாய். எந்தப் படிப்புக்கு? பட்டப்படிப்பு, பட்டயப்படிப்பு, ஐடிஐ எல்லாவற்றுக்கும். ஆக, கையில் பணம் கொடுக்கும்போது ஐடிஐ உயர்கல்வி. தலையை எண்ணும்போது இல்லை. ஒன்றிய அரசின் 2020 கல்விக் கொள்கையும் இப்படித்தான். 2035க்குள் சேர்க்கை விகிதத்தை 50 சதவீதமாக்குவோம் என்ற இலக்கை எழுதும்போது ‘தொழிற்கல்வியையும் சேர்த்து’ என்று எழுதியிருக்கிறார்கள். இலக்கு வைக்கும்போது வேண்டும், கணக்கெடுக்கும்போது வேண்டாம். ஒரே சொல், ஆளுக்கொரு நேரத்தில் ஆளுக்கொரு பொருள். என் துறையில் ஒரு மாறியை இப்படி இஷ்டத்துக்கு மாற்றினால் கோட் ரிவ்யூவில் தூக்கி அடித்துவிடுவார்கள்.

*

“ஐடிஐல குடுக்கறது பயிற்சிங்க, கல்வி கிடையாது” என்று ஒரு பதில் வரும். பெயரிலேயே இருக்கிறதே, தொழிற்பயிற்சி நிலையம். அது இயங்குவதும் உயர்கல்வித் துறையின் கீழ் இல்லை, தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறையின் கீழ்.

துறையை வைத்துப் பார்த்தால் மருத்துவக் கல்லூரிகளும் உயர்கல்வித் துறையின் கீழ் இல்லை. அவை மக்கள் நல்வாழ்வுத் துறையின் கீழ் இருக்கின்றன. வேளாண் பல்கலைக்கழகம் வேளாண்மைத் துறையின் கீழ். அதற்காக எம்.பி.பி.எஸ். உயர்கல்வி இல்லை என்று யாராவது சொன்னார்களா?

‘பயிற்சி’ என்ற சொல்லைப் பார்ப்போம். நாலு வருடம் பொறியியல் படித்துவிட்டு ஐ.டி. கம்பெனியில் சேர்ந்தவுடன் முதல் சில மாதங்கள் என்ன செய்கிறோம்? பயிற்சி. ‘ட்ரெய்னி’ என்று கழுத்தில் அட்டையே தொங்கும். அதை யாரும் இழிவாக நினைப்பதில்லை, ஊருக்கெல்லாம் இனிப்பு கொடுக்கிறோம். அரசு மருத்துவமனையில் இரவெல்லாம் முழித்து வார்டு பார்ப்பவர் பயிற்சி மருத்துவர். உயர் நீதிமன்றம் முதல் ஐ.ஏ.எஸ். வரை எல்லா இடத்திலும் பயிற்சி இருக்கிறது. அங்கெல்லாம் பயிற்சி என்பது தகுதியின் மேல் வைக்கும் மகுடம். லேத் பட்டறைக்கு வரும்போது மட்டும் அது தகுதி இல்லை என்பதற்கான சான்று.

இதைவிடச் சுவாரசியமான சொல் ‘தொழிற்கல்வி’. செய்தித்தாளில் ‘தொழிற்கல்விப் படிப்புகளுக்குக் கலந்தாய்வு’ என்று வந்தால் மருத்துவம், பொறியியல் என்று அர்த்தம். நுழைவுத் தேர்வை ஒழித்த தமிழ்நாட்டுச் சட்டமும் தொழிற்கல்வி நிறுவனங்களின் சேர்க்கையைப் பற்றியதுதான். அதே தொழிற்கல்வி, மேல்நிலைப் பள்ளியில் ‘தொழிற்கல்விப் பிரிவு’ என்று வந்தால்? மார்க் குறைந்தவர்களை அனுப்பும் வகுப்பு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொல் வைத்து மேல்சாதி, கீழ்சாதி பிரித்துக்கொண்டார்கள். தமிழில் சொல் ஒன்றுதான். மொழி இங்கே நியாயமாக நடந்துகொண்டது. டாக்டர் செய்வதும் தொழில், டர்னர் செய்வதும் தொழில் என்று அது நமக்குச் சொல்லிப் பார்த்தது. நாம்தான் கேட்கவில்லை.

*

“சரி, பெயரில் என்ன போய்விடும்?” போகிறது. நிறையப் போகிறது.

வேலைக்கு விண்ணப்பிக்கும் இணையப் படிவங்களைத் திறந்து பாருங்கள். ‘அதிகபட்சக் கல்வித் தகுதி’ என்று ஒரு கீழிறங்கும் பட்டியல் இருக்கும். பத்து, பன்னிரண்டு, டிப்ளமோ, இளங்கலை, முதுகலை, முனைவர். கடைசியில் ‘மற்றவை’. ஐடிஐ பல படிவங்களில் அந்த ‘மற்றவை’க்குள் போய்விடும். பார்ப்பவருக்கு அது வெறும் பட்டியல். உள்ளே அது எண் வரிசை. பத்துக்கு 1, பன்னிரண்டுக்கு 2, டிப்ளமோவுக்கு 3, இளங்கலைக்கு 4. நிறுவனத்தின் ஆள் ‘இளங்கலையும் அதற்கு மேலும்’ என்று ஒரு தட்டுத் தட்டினால், நாலுக்குக் கீழே உள்ள அத்தனை பேரும் திரையிலிருந்து மறைவார்கள். ‘மற்றவை’க்கு எந்த எண்ணும் பொருந்தாது, அதனால் பெரும்பாலும் அது முதலிலேயே மறைந்துவிடும். இருபது வருடம் சி.என்.சி. இயந்திரத்தை ஓட்டியவரும் அதில் ஒருவராக இருக்கலாம். அவரை யாரும் நிராகரிக்கவில்லை, யாரும் பார்க்கவே இல்லை.

ஏணியின் உருவகம் இப்படித்தான் இயந்திரத்துக்குள் போகிறது. கல்வி வகைகளுக்கு நடுவில் இருப்பது வேறுபாடு. வேறுபாட்டை வரிசையாக மாற்றினால்தான் ‘உயர்’ என்ற சொல்லுக்கு வேலை கிடைக்கும்.

அரசியலமைப்புச் சட்டத்திலும் இந்த ஏணி இருக்கிறது. சட்ட மேலவை உள்ள மாநிலங்களில், 171ஆவது பிரிவின்படி, ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கு உறுப்பினர்களைப் பட்டதாரிகள் மட்டும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்டம் வாங்கி மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும், அல்லது அதற்கு நிகராக அறிவிக்கப்பட்ட தகுதி இருக்க வேண்டும். கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் இன்றும் உண்டு. தமிழ்நாட்டில் 1986ல் மேலவையைக் கலைக்கும் வரை இருந்தது. ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு என்று பேசும் நாட்டில், பட்டம் வாங்கியவருக்குக் கூடுதலாக ஒரு ஓட்டு. மேலவை போய்விட்டது. பட்டதாரியின் பேச்சுக்கு ஒன்றேகால் மதிப்பு என்ற எண்ணம் போகவில்லை.

பெயர் போனால் எண்ணிக்கை போகிறது, எண்ணிக்கை போனால் கேள்வி போகிறது. கல்லூரியில் ஆசிரியர் இல்லை என்றால் செய்தி வருகிறது, துணைவேந்தர் இல்லை என்றால் விவாதம் நடக்கிறது. அரசு ஐடிஐயில் இருக்கும் லேத் எந்தக் காலத்தது, அங்கே நூலகம் உண்டா, படித்தவர்கள் மேற்கொண்டு எங்கே போனார்கள் என்று எந்தத் தொலைக்காட்சி விவாதம் கேட்டது? உயர்கல்வி விவாதத்தில் அதற்கு இடமில்லை, பள்ளிக்கல்வி விவாதத்திலும் இடமில்லை.

மறுபக்கம், ‘உயர்’ என்ற முத்திரை கிடைத்த இடத்தில் கேள்வி வேறு விதமாகக் காணாமல் போகிறது. ஒரே ஆசிரியர் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேரம் வேலை செய்வதாகக் கணக்குக் காட்டிய கூத்து 2024ல் வெளியே வந்தது. அந்தக் கல்லூரிகளில் படித்த பிள்ளைகள் எல்லாரும் உயர்கல்விக் கணக்கில் இருந்தார்கள். ஆசிரியர் காகிதத்தில் மட்டும் இருந்தாலும் படிப்பு உயர்ந்ததுதான். கண்ணெதிரே ஒரு மனிதர் நின்று வெல்டிங் சொல்லிக்கொடுத்தால் அது உயர்ந்தது இல்லை.

*

இப்போது கடினமான எதிர்வாதத்துக்கு வருகிறேன். இதைச் சொல்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

“உனக்கென்னப்பா, பி.இ. படிச்சு ஏசி ரூம்ல உக்காந்தாச்சு. இப்ப வந்து ஐடிஐயும் ஒசத்திதான்னு பாடம் எடுக்கற. இதைத்தானே 1953ல சொன்னாங்க?” ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டத்தைச் சொல்கிறார்கள். பாதி நாள் பள்ளி, மீதி நாள் குடும்பத் தொழில். குலக்கல்வி என்று பெயர் பெற்று, தமிழ்நாடே எதிர்த்து, ராஜாஜி பதவி விலகி, 1954ல் காமராஜர் வந்ததும் அது கைவிடப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் கல்லூரி வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் இப்போதுதான் உள்ளே வருகிறார்கள். இந்த நேரத்தில் ‘உயர்கல்வி’ என்ற சொல்லைப் பிடுங்குவது யாருக்கு லாபம்?

நியாயமான பயம். ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். யாரையும் கல்லூரிக்குப் போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. கல்லூரி இடங்கள் இன்னும் வேண்டும், இட ஒதுக்கீடு வேண்டும், கட்டணச் சலுகை வேண்டும், அந்த 47 இன்னும் ஏற வேண்டும். என் கேள்வி ஏற்கனவே ஐடிஐயில் இருப்பவனைப் பற்றியது. அவனை ஏன் மறைத்து வைத்திருக்கிறோம்?

குலக்கல்வியின் கொடுமை கைத்தொழிலைக் கற்றுக்கொடுத்ததில் இல்லை. அப்பன் தொழிலையே மகனுக்கு விதித்ததில் இருந்தது. 1950ல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் இயங்கும் ஐடிஐ அதற்கு நேர் எதிர்த்திசையில் போவது. அங்கே சலவைத் தொழிலாளியின் மகள் எலக்ட்ரீஷியன் ஆகலாம், விவசாயக் கூலியின் மகன் மெஷினிஸ்ட் ஆகலாம். எந்தத் தொழிலை எடுப்பது என்பதை உன் பிறப்புச் சான்றிதழ் தீர்மானிப்பதில்லை. சாதி கட்டிவைத்த தொழிலைப் பாடத்திட்டமாக, தேர்வாக, யாரும் விண்ணப்பிக்கக்கூடிய இடமாக மாற்றிய நிறுவனம் அது. குலக்கல்வியை எதிர்த்தவர்கள் கொண்டாட வேண்டிய இடம்.

சாதியின் அடிப்படைச் சூத்திரம் என்ன? கையால் வேலை செய்கிறவன் கீழே, வாயால் ஓதுகிறவன் மேலே. ‘கல்வி’ ஒருபுறம், ‘வெறும் பயிற்சி’ மறுபுறம் என்று பிரிக்கும்போது அந்தச் சூத்திரத்தைத்தான் மதச்சார்பற்ற மொழியில் திரும்ப எழுதுகிறோம். கல்லூரியைத் திறந்துவிட்டது சமூக நீதியின் ஒரு பாதி. கைவேலையின் மேல் ஒட்டியிருக்கும் தீட்டைத் துடைப்பது இன்னொரு பாதி. முதல் பாதியைச் செய்தவர்கள் என்பதாலேயே இரண்டாவது பாதியை நம்மிடம் கேட்கிறேன்.

இன்னொரு காரியமும் இருக்கிறது. ஐடிஐ கல்வி இல்லை என்று சொல்லும்வரை அங்கே படித்தவனுக்கு அதற்கு மேல் பாதை போட வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. கல்வி என்று ஒப்புக்கொண்டால், அடுத்தது என்ன என்ற கேள்வி வரும். அவனுக்குப் பட்டம் வரை போகும் வழி வேண்டும் என்று கேட்கலாம். ‘உயர்’ என்ற சொல்லை எடுத்தால் கல்லூரிக் கதவு மூடாது. இன்னொரு கதவும் திறக்கும்.

*

அப்படியானால் வேறு என்ன சொல் என்று கேட்பீர்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். இரண்டு சொற்கள் நம்மிடமே இருக்கின்றன.

ஒன்று கடல் தாண்டி இருக்கிறது. இலங்கையில் 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான ஓர் ஆணைக்குழு உண்டு. அதன் தமிழ்ப் பெயர் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. முதலாம் நிலை, இரண்டாம் நிலை, அதற்குப் பிறகு மூன்றாம் நிலை. எண்தான், மகுடம் இல்லை. அங்கே தேசிய தொழிற் தகைமை என்று ஏழு மட்டங்கள் வைத்திருக்கிறார்கள். முதல் நான்கு சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளமோ, ஏழு பட்டம். பட்டறையில் தொடங்குகிறவர் பட்டம் வரை போவதற்குக் காகிதத்திலாவது ஒரே கோட்டில் பாதை இருக்கிறது. தொழில்நுட்பம் பயின்றவர்களுக்கென்றே ஒரு பல்கலைக்கழகமும் அமைத்திருக்கிறார்கள். இலங்கையில் ஏற்றத்தாழ்வு இல்லை என்று நான் சொல்லவில்லை. உயர்தரம், உயர்கல்வி எல்லாம் அங்கேயும் உண்டு. ஆனால் அரசாங்கக் கோப்புக்கு ஏற்ற, யாரையும் குனிய வைக்காத ஒரு தமிழ்ச் சொல் அங்கே பல வருடங்களாகப் புழக்கத்தில் இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ள யாரும் தடுக்கவில்லை.

இன்னொரு சொல் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. “பொண்ண மேல படிக்க வைக்கப் போறீங்களா?” என்று கேட்கிறார்களே, அந்த ‘மேல’. இது உயரத்தைச் சொல்லும் ‘மேல்’ அல்ல. “மேல சொல்லு”, “இதுக்கு மேல என்ன ஆச்சு?” என்னும்போது வருகிற ‘மேல்’. மேற்கொண்டு, தொடர்ந்து, நிறுத்தாமல் என்று பொருள். “மேல சொல்லு” என்றால் உயரமான இடத்தில் ஏறி நின்று சொல் என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. பேச்சுத் தமிழில் ‘மேல படிக்கிறது’ என்பதற்குள் பி.எச்டி.யும் வரும், ஐடிஐயும் வரும், தையல் டிப்ளமோவும் வரும். பள்ளிக்கூடத்தோடு நிறுத்திவிடவில்லை என்பதுதான் அதில் இருக்கும் ஒரே செய்தி. எழுத்துத் தமிழுக்கு வரும்போது இந்த ‘மேல’வை எடுத்துவிட்டு, அதிகாரிகளும் நாமும் சேர்ந்து ‘உயர்’ என்று போட்டுவிட்டோம். தொடர்ச்சியைச் சொன்ன சொல்லின் இடத்தில் உயரத்தைச் சொல்லும் சொல்லை வைத்தோம். மேற்படிப்பு என்று அரசு எழுதட்டும், நாமும் எழுதுவோம். ‘மேற்படிப்பு’ என்றாலே முதுகலையும் வெளிநாடும்தான் என்று சுருக்கி வைத்திருப்பதையும் சேர்த்து உடைப்போம்.

என் கோரிக்கைகள் மூன்று, மூன்றும் சிறியவை. கணக்கெடுப்பவர்கள் ஐடிஐ வாசலுக்கும் போகட்டும். தனிப் பத்தியில் போடட்டும், பரவாயில்லை, ஆனால் எண்ணட்டும். படிவம் கட்டுகிற என் சக ஊழியர்கள் ‘மற்றவை’யை உடைத்து அதற்குள் இருப்பவர்களின் பெயரை எழுதட்டும். எழுதுகிறவர்கள், அதாவது இதை வாசிக்கிற உங்களில் பலர், கதையில் ஒரு பாத்திரம் வெல்டர் என்றால் அவன் படிக்கவில்லை என்று கைப்பழக்கத்தில் எழுதாமல் இருங்கள். அவன் படித்தான். எங்கே, என்ன படித்தான் என்று விசாரித்து எழுதுங்கள்.